பாம்புக்கு ஒரு சூரியன்

மார்கழி பிறந்து நான்கைந்து நாள் சென்ற ஒரு காலையில், கனடாவில் டொராண்டோ நகருக்கு அருகே உத்தியோகமாயிருக்கும் என் தங்கை மகனிடமிருந்து கடிதம் வந்தது. பொங்கலுக்குக் கோவில்பட்டிக்கு வருவதாகவும், ஐந்து வாரம் எங்களோடு தங்கியிருந்து, தன் தாயார் சங்கரன்கோவிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கும் பிரார்த்தனையைச் செலுத்திவிட்டுப் போக விரும்புவதாகவும் எழுதியிருந்தவன், கடைசியில் ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருந்தான். "மாமா, நான் வளர்க்கும் பாம்பை இந்த ஐந்து வாரமும் சிநேகிதன் வீட்டில் விட்டு வரவேண்டும். அதற்கென்று அங்கே சூடு ஏற்படுத்தித் தனியாக ஓர் இடம் அமைத்திருக்கிறேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நாகருக்கு நேர்ந்துகொண்ட கோயிலுக்கு, நம்மை நம்பியிருக்கும் ஒரு பாம்பைப் பிறர் கையில் விட்டுவிட்டு வருவது சரிதானா? நீங்கள்தான் சொல்லவேண்டும்."

வீட்டில் மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி விநோதமாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒருவன் தன் பொறுப்பில் இருக்கும் ஒரு ஜீவனை எண்ணித் தூக்கம் கெடுவதைக் காட்டிலும் தர்ம விசாரத்துக்கு உரிய சந்தர்ப்பம் வேறு என்ன இருக்கிறது? பதில் எழுதுமுன் அவன் செய்திருந்த ஏற்பாட்டை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று விவரம் கேட்டு எழுதினேன். ஒன்று விடாமல் எழுதியனுப்பினான்.

அவன் வளர்ப்பது, அஞ்சினால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் ஆப்பிரிக்க இனத்துச் சிறிய மலைப்பாம்பு, விஷமற்றது, மனிதர் காவலிலேயே முட்டையிலிருந்து வெளிவந்து, காடு இன்னதென்று அறியாமல் வளர்ந்தது. சிநேகிதன் வீட்டில் அதற்காக வைத்திருப்பது காற்றுத் துளையிட்ட நீண்ட பிளாஸ்டிக் பெட்டி. அதன் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் மின்சாரத்தால் சூடேறும் விரிப்பு. சூடு எல்லை மீறாமல் தானே நின்று தானே தொடங்க ஒரு தெர்மோஸ்டாட். விரிப்பு இருக்கும் பக்கத்தில் சுமார் 32 டிகிரி, எதிர்ப்பக்கத்தில் சுமார் 26 டிகிரி. இரண்டு பக்கத்திலும் புகுந்து ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம். தண்ணீருக்கு ஒரு கனத்த சட்டி. எடுத்துச்செல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இரையை நிறுத்திவிட வேண்டுமாம். ஏனெனில் வயிற்றில் இரை இருக்கும்போது குளிர் தாக்கினால் ஜீரணம் நின்று, உண்டது உள்ளேயே அழுகத் தொடங்கிவிடும். பாம்பைத் துணிப்பையில் இட்டு, பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, வெந்நீர் நிறைத்த புட்டியைத் துணியில் சுற்றி, பாம்பின் உடம்பில் படாத தூரத்தில் பொருத்தி, பனி பெய்யும் வீதி வழியே அரை மணி நேரம் கொண்டுபோக வேண்டும். சூடான பொருள் உடம்பில் நேரே பட்டால் பாம்பு விலகாமலே கிடந்து வெந்துபோவதும் உண்டு என்று அவன் எழுதியிருந்ததைப் படித்தபோது, தாய் குழந்தையின் பால்சங்கைப் புறங்கையில் தொட்டுப் பார்ப்பதுதான் என் நினைவுக்கு வந்தது.

பாம்பைக் குளிர்ந்த இரத்தமுடையது என்று பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். அது முற்றும் பொருந்திய பேச்சன்று. சித்திரை மாதத்துக் காலையில் வெயில் காய்ந்துவிட்டு வந்த பாம்பின் இரத்தம் நம்முடைய இரத்தத்துக்குச் சளைத்ததாக இராது. உள்ள வேற்றுமை ஒன்றுதான்: நாம் உண்ணும் ஆகாரத்தின் பெரும்பகுதியை எரித்து நம் உஷ்ணத்தை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்; பாம்பு அதை வெளியிலிருந்து பெறுகிறது. ஆகையினால்தான் நமக்கு மூன்று வேளை வேண்டியிருக்க, பாம்புக்கு ஒரு எலி பல நாளைக்குப் போதுமாக இருக்கிறது. ஈசுவரனே வைசுவாநரன் என்னும் அக்கினியாகப் பிராணிகளின் தேகத்தில் தங்கி அன்னத்தைப் பசனம் செய்கிறான் என்பது கீதையின் உபதேசம். பாம்பைப் பொறுத்தவரை அந்த வைசுவாநரன் வயிற்றுக்குள் மட்டும் இருந்தால் போதாது. பாதி வானத்திலும் இருக்கவேண்டும். வெயில் எழுந்து கல்லைச் சுட வைத்தால்தான் அதன் வயிற்றில் இரை பக்குவமாகும். தன் ஜாடராக்கினியையே ஆகாயத்தில் அடகு வைத்துவிட்டுத் தரையில் ஊர்ந்து திரியும் ஜீவன் அது.

இப்படிப்பட்ட ஜீவனை ஒருவன் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளும்போது, அவன் அதற்கு வெறும் எஜமானனாக மட்டும் ஆகிவிடவில்லை, அதன் சூரியனாகிறான். நாய் வளர்ப்பவனுக்கும் கிளி வளர்ப்பவனுக்கும் இந்தப் பதவி இல்லை. நாயின் கனல் நாய்க்குள்ளே இருக்கிறது. எஜமானன் ஒரு நாள் மறந்தாலும் அது பட்டினி கிடக்குமே தவிரக் குளிர்ந்துபோகாது. ஆகவே என் மருமகன் கேட்ட கேள்வியை நான் இவ்வாறு மாற்றி எனக்குள் கேட்டுக்கொண்டேன்: ஓர் உயிருக்கு மற்றோர் உயிர் சூரியனாக இருக்க உரிமை உண்டா? உண்டென்றால், எந்த நிபந்தனையின்மேல்?

இயற்கையிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. நம் நாட்டு மலைப்பாம்பின் பெண், முட்டையிட்டபின் அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகச் சுருண்டு, தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து, அந்தத் துடிப்பினால் தன் உடம்பில் உஷ்ணம் எழுப்பி முட்டைகளை அடைகாக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வங்காளத்திலிருந்து திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் இதைச் சொன்னபோது பாரிஸ் பண்டிதர்கள் நம்ப மறுத்தார்கள். 1841-இல் அந்நகரத்து மிருகக்காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு அடைகாக்க, வாலென்சியேன் என்ற விஞ்ஞானி உஷ்ணமானியை வைத்து அளந்து மெய்யென்று கண்டார். தன் உயிருக்காக ஒருநாளும் கனல் மூட்டிக்கொள்ளாத பிராணி, தன் குஞ்சுகளுக்காக மாத்திரம், உண்ணாமல் கிடந்து, பல வாரம் மூட்டுகிறது. குஞ்சுகள் ஓட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அந்தக் கனல் அவிந்துவிடும்; தாய் தன் வழியே போய்விடும். இதைவிட நிஷ்காமமான ஒரு காரியத்தை நான் படித்ததில்லை.

தை பிறந்து மருமகன் வந்தான். வந்த மறுவாரம் இருவரும் கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினோம். நம் ஊர் நெருப்பைச் சிறு குச்சியின் முனையில் அடக்கிப் பெட்டி பெட்டியாக அடுக்கித் தேசமெங்கும் அனுப்பும் ஊர். உஷ்ணத்தைப் பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்வது எங்களுக்குப் புதிதன்று. ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல் விரிந்தது. அந்தச் சமயம் உளுந்தும் பருத்தியும் நின்றமையால் நிலம் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. பங்குனி சித்திரையில் அதே நிலத்தைப் பார்க்கவேண்டும். மழையில் ஊறிப் பருத்த கரிசல் மண், ஈரம் வற்ற வற்றச் சுருங்கி, ஆட்டுக்குட்டியின் கால் சிக்கும்படி வெடித்துப் பிளந்துகொள்ளும். மேலே வெறுங்கால் வைக்கமுடியாது. அந்த வெடிப்பின் இடுக்கில் முழங்கை அளவு கையை விட்டால் உள்ளே வேறொரு பருவம் இருக்கும். செம்மண் காட்டுப் பாம்புக்குப் புற்று எப்படியோ, அப்படிக் கரிசல் காட்டுப் பாம்புக்கு இந்த வெடிப்பும் எலிவளையும். இங்கே பாம்புக்குப் பஞ்சம் சூட்டுக்கு இல்லை, நிழலுக்குத்தான். காலையில் வெடிப்பின் விளிம்பில் காய்ந்து, வெயில் ஏறியதும் ஒரு முழம் இறங்கி, இன்னும் ஏறினால் இன்னொரு முழம் இறங்கி, அந்தியில் மேலே வந்து, மண்ணில் மிஞ்சிய சூட்டில் வயிறு படியக் கிடந்து, இவ்வாறே அது தன் தேகத்தின் நிதானத்தைக் காத்துக்கொள்கிறது. சிறிய சுருட்டை விரியன் முதல் எட்டடிச் சாரை வரையில் எல்லாவற்றுக்கும் இந்த ஏற்ற இறக்கமே ஜீவனோபாயம்.

இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் மருமகனுடைய பெட்டியில் எது உயிர்நிலை என்பது எனக்கே தெளிந்தது. 32 டிகிரியும் அன்று, 26 டிகிரியும் அன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டடி தூரந்தான். பெட்டி முழுவதும் ஒரே சீராக 30 டிகிரி என்று வைத்துவிட்டால், கணக்குக்குச் சரியாக இருக்கும், பாம்பு நோயுறக்கூடும். வெம்மையிலிருந்து தண்மைக்கும் தண்மையிலிருந்து வெம்மைக்கும் தன் இச்சைப்படி ஊர்ந்து போவதுதான் அந்த உயிருக்குச் சுவாதந்திரியம் என்று ஏதாவது இருந்தால் அது. நம் வேதாந்திகள் கயிற்றைப் பாம்பென்று மயங்குவதைப் பற்றி எத்தனையோ நூற்றாண்டாகப் பேசிவந்திருக்கிறார்கள். உபமானமாக வந்த பாம்பைப் பற்றி, அதற்கு எங்கே சுடுகிறது, எங்கே குளிர்கிறது என்று விசாரித்தவர் சொற்பம். புற்றில் பால் வார்க்கும் பக்தியிலும் எனக்கு இந்தக் குறை தோன்றுவதுண்டு. பால் பாம்பின் ஆகாரமன்று. அது குடியிருக்கும் வளையை ஈரமாக்கிக் குளிரச் செய்வது அதற்கு உபகாரமுமன்று.

வழியில் 20 கிலோமீட்டர் தூரத்தில் கழுகுமலை. அங்கே இறங்கி, பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமண தீர்த்தங்கரர்களைப் பார்க்க ஏறினோம். பாண்டியர் காலத்து வேலை. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. அவற்றுள் பார்சுவநாதரின் உருவம், தலைக்குமேல் ஐந்து படம் விரித்த நாகராஜனான தரணேந்திரன் குடைபிடிக்க, மேலேயிருந்து பகைவனான கமடன் பாறையை ஓங்க, அசையாமல் நிற்கிறது. அந்த நாகன் ஏன் குடைபிடிக்கிறான் என்பதற்குச் சமணர் சொல்லும் பூர்வ கதையை மருமகனுக்குச் சொன்னேன். பார்சுவர் இளவரசராயிருந்தபோது, ஒரு தபசி நாற்புறமும் தீ மூட்டி நடுவில் தவம் செய்வதைக் கண்டார். எரிகின்ற கட்டை ஒன்றின் பொந்துக்குள் இரண்டு பாம்புகள் வெந்துகொண்டிருப்பதை அறிந்து, கட்டையைப் பிளக்கச் செய்தார். அரைகுறையாக வெந்து வெளிப்பட்ட அவை அவர் ஓதிய மந்திரத்தைக் கேட்டவாறே உயிர்விட்டு, மறுபிறப்பில் தரணேந்திரனும் பத்மாவதியுமாயின. தபசியின் நோக்கம் ஆன்ம லாபம். அதை நான் பழிக்க வரவில்லை. ஆனால் அவன் மூட்டிய கனலுக்குள் வேறோர் உயிர் வெளியே போக வழியின்றிக் கிடந்தது, அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமை அந்தத் தவத்தை முழுவதும் வீணாக்கிவிட்டது என்பதே அந்தக் கதையின் தீர்ப்பு என்று நான் கொள்கிறேன்.

மத்தியானத்துக்குள் சங்கரன்கோவில் சேர்ந்தோம். அவ்வூர்த் தலபுராணம் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜர்கள். ஒருவன் சிவபக்தன், மற்றவன் திருமாலடியான். யார் பெரியவர் என்று இருவருக்கும் வாதம் முற்றி அம்பிகையிடம் சென்றார்கள். கோமதியம்மன் தவமிருந்தாள், ஆடி மாதத்தில் சிவனும் திருமாலும் பாதிப் பாதியாக ஒரே திருமேனியில் காட்சி கொடுத்தார்கள். ஆடித் தபசு அதன் நினைவு. இன்றைக்கும் அங்கே புற்றுமண் பிரசாதம். பாம்பும் தேளும் பொறித்த தகடு காணிக்கை. சங்கரநாராயணர் சந்நிதியில் விபூதியும் உண்டு, துளசி தீர்த்தமும் உண்டு.

சைவ வைணவ சமரசத்துக்கு இதை உதாரணமாகச் சொல்வது வழக்கம்; நானும் பல மேடையில் கேட்டிருக்கிறேன். அன்று சந்நிதியில் நின்றபோது எனக்கு வேறொன்று பட்டது. இது புராணிகர் சொன்னதன்று, என் மனத்தில் எழுந்த கருத்து. வழக்கிட்டவர்கள் மனிதர்களல்லர், நாகர்கள். நெருப்பைக் கையில் ஏந்தியவன் பெரியவனா, நீரில் துயில்பவன் பெரியவனா என்று ஒரு பாம்பு கேட்குமானால், அது சமயவாதியின் கேள்வியாக இராது. தன் உடம்பின் கேள்வியாக இருக்கும். எரித்த சாம்பல் ஒரு புறம், குளிர்ந்த தீர்த்தம் ஒரு புறம். இரண்டும் ஒரே மேனியில் இருந்தாலொழிய அதற்கு வாழ்வில்லை. சிவன் அதை ஆபரணமாகப் பூண்டான். திருமால் அதைப் படுக்கையாக விரித்தான். இருவரையும் இணைத்து நிறுத்திய பிறகுதான் நாகர்களின் மனம் ஆறியது. ஒரு பக்கம் மட்டும் வெம்மை, மறு பக்கம் தண்மை, நடுவே போக வர வழி. இதை மருமகனிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசாமல் மூலவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி, மனிதன் பாம்பைத் தற்காலிகமாகக் குடிவைத்த வேறொரு இடத்தையும் நான் இங்கே நினைக்கவேண்டும். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், இருளர்கள் 1978-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து தோல் வாணிபமும் நின்றபின் திக்கற்றுப் போனார்கள். பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, கொல்லும் தொழிலை அவர்கள் காக்கும் தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதி பெற்றுப் பிடித்துவந்து, மண் பரப்பிய பானையில் இட்டு, வாயைக் காற்றுப் புகும் பருத்தித் துணியால் கட்டி, நிழலில் வைக்கிறார்கள். சுமார் மூன்று நான்கு வாரம். வாரத்துக்கு ஒரு தரம் விஷம் எடுப்பு. பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டு, அதே பாம்பை உடனே மறுபடி பிடித்து வருத்தாதபடி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்திச் செய்யும் மருந்துதான் கடிபட்டவனைப் பிழைக்க வைப்பது. நம் கரிசல் காட்டில் அதிகாலையில் களையெடுக்கப் போகும் பெண்ணின் உயிர் அந்தப் பானையில் தொடங்குகிறது என்றால் மிகையில்லை. பானையில் இரண்டு பக்கம் ஏது என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் காலத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் வெடிப்பும் வளையும் வெயிலும் அதற்கு மீண்டும் உரிமையாகின்றன. நான் அதைத் தர்மமென்றே கொள்கிறேன்.

அந்த இருளரில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023-இல் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றவர்கள். அங்கே அவர்கள் பிடிக்கச் சென்றது நம் கீழ்த்திசை மலைப்பாம்பின் சந்ததி. வளர்ப்பதற்கென்று விலைக்கு வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் விளக்கெரித்துக் காத்து, பெருத்துப்போனதும் சதுப்பு நிலத்தில் விட்டும் தப்பவிட்டும் போன பாம்புகள் பல்கி, அந்தக் காட்டின் சிறு மிருகங்களையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. போன சில நாட்களிலேயே 13 பாம்புகளை அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். அதற்கு ஏழாண்டு முன்பு, 2010 ஜனவரியில், அந்தச் சதுப்பில் அபூர்வமான குளிர் இறங்கியது. வானொலிக் கருவி பொருத்திக் கண்காணித்துவந்த 10 மலைப்பாம்புகளில் 9 இறந்தன. குளிரில் வளைக்குள் ஒடுங்காமல், வழக்கம்போல் வெயில் காய வெளியே வந்து கிடந்தவை அவற்றில் உண்டு. வந்தவிடத்துச் சூரியனின் குணம் அவற்றுக்குத் தெரியாது. ஆசைக்கு வாங்கியவன் சூரியன் பதவியை நடுவில் துறந்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் பக்கமும் இந்த ஆசை வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டிகளுக்குள் 22 பாம்புகள் சிறு டப்பாக்களில் அடைபட்டிருந்ததைச் சுங்க அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அந்த டப்பாக்களில் வெம்மைப் பக்கம், தண்மைப் பக்கம் என்று ஏது?

திரும்பி வரும் பஸ்ஸில் மருமகன் மறுபடி கேட்டான்: "அப்போது நான் செய்தது சரிதானா, மாமா?"

நான் சொன்னேன். ஐந்து வாரம் பிறர் கையில் விட்டு வந்தது குற்றமில்லை; சூரியனும் இரவில் இல்லாமல் போகிறான், ஆனால் சுட வைத்த கல்லை விட்டுப்போகிறான்; நீயும் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய். சிநேகிதன் தினந்தோறும் இரண்டு உஷ்ணமானியையும் பார்த்து எழுதுகிறான். மின்சாரம் நின்றால் என்ன செய்வதென்று அவனுக்குச் சொல்லியிருக்கிறாய். அது போதும். ஆனால் முதலில் அதை வாங்கியது சரியா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். இரண்டடித் தூரத்தை ஓர் உயிருக்கு முழு உலகமாகக் கொடுக்கும் அதிகாரம், அதற்கு வேறு கதியில்லாதபோதும், இருளர் பானைபோல் பல உயிருக்கு நன்மையாகிக் குறித்த நாளில் முடியும்போதும் மட்டுமே மனிதனுக்கு உண்டு. பார்த்து மகிழ்வதற்காக இல்லை. இது காட்டில் வாழக் கற்காதது. இனி இதற்கு நீயன்றிக் கதியில்லை. ஆகவே இதைக் கடைசிவரை காப்பாற்று. இன்னொன்று வாங்காதே.

அவன் மாசி முதல் வாரம் திரும்பிப் போனான். போய்ச் சேர்ந்ததும் எழுதினான். பாம்பு நலமாக இருக்கிறது. அவன் பெட்டியைத் திறந்தபோது தண்மைப் பக்கத்து மறைவிடத்தில் இருந்ததாம். அன்றிரவே வெம்மைப் பக்கத்துக்கு ஊர்ந்து போயிற்றாம். இன்னொன்று வாங்குவதில்லை என்று சங்கரன்கோவில் புற்றுமண்ணைத் தொட்டு அவன் தாயாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த இனத்துப் பாம்பு நல்ல காவலில் 30 ஆண்டு வரையிலும் வாழக்கூடியது. அவனுடையதற்கு இப்போது வயது 4.